ஓடுகிற நிரலை ஏன் திருத்தச் சொல்கிறீர்கள்?

2008 டிசம்பரில் பைத்தான் என்ற நிரல்மொழியின் 3.0 பதிப்பு வந்தபோது, என்னென்ன புதிது என்று விளக்கும் அதன் பக்கத்தில் ஒரு திட்டமும் சொல்லப்பட்டிருந்தது. வாக்கியத்துக்குள் மதிப்புகளைப் பொருத்துவதற்கு % குறியைப் பயன்படுத்தும் பழைய முறை போய்விடும், 3.1இலேயே அதற்கான எச்சரிக்கை தொடங்கும், கடைசியில் ஃபார்மேட் என்ற புது முறை மட்டும்தான் இருக்கும். அதை நம்பி நிறையப் பேர் உட்கார்ந்து தங்கள் நிரல்களில் இருந்த %களை எல்லாம் ஃபார்மேட்டுக்கு மாற்றினார்கள். 3.1 வந்தது, எச்சரிக்கை வரவில்லை. 2015இல் வந்த 3.5 பதிப்பு, பைட்ஸ் என்ற தரவு வகைக்கு இல்லாமல் போயிருந்த %-ஐத் திரும்பவும் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு டிசம்பரில் 3.6 வந்தது, அதே வேலைக்கு எஃப்-ஸ்ட்ரிங் என்ற இன்னொரு முறையும் வந்தது. ஃபார்மேட்டுக்கு மாறியவர்களைப் பார்த்து, இன்னுமா இதை எழுதுகிறீர்கள், எஃப்-ஸ்ட்ரிங்குக்கு மாற்றுங்கள் என்றார்கள். 2025 அக்டோபரில் வந்த 3.14இல் டி-ஸ்ட்ரிங் என்ற முறையும் வந்துவிட்டது. அந்தப் பழைய % இன்றும் மொழிக்குள் நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது.

பைத்தானில் எழுதித்தான் எனக்குச் சம்பளம் வருகிறது. வேலை நேரம் போக நான் பராமரிக்கும் ஓரிரு திறமூல நிரல்களும் பைத்தானில்தான் இருக்கின்றன. இந்த மொழிக்குப் புது வசதி வருவதில் எனக்கு எந்தப் புகாரும் இல்லை. எஃப்-ஸ்ட்ரிங் அருமையான வசதி. பெயர் எந்த இடத்தில் வர வேண்டுமோ அங்கேயே அதை எழுதிவிடலாம், வரியின் கடைசிவரை போய் எண்ணிப் பார்க்க வேண்டியதில்லை. புதிதாக எழுதும்போது நானும் அதைத்தான் எழுதுகிறேன். என் வருத்தம் வேறு. ஒரு புது வழி வந்த கையோடு பழைய வழி ‘தப்பு’ என்று ஆகிவிடுகிறது. நேற்றுவரை ஒழுங்காக எழுதப்பட்ட நிரல் என்று பெயர் வாங்கியது, ஒரு எழுத்துகூட மாறாமல், இன்று மோசமான நிரல் என்று பெயர் வாங்குகிறது. அதைத் திருத்தும் வேலை, அந்தப் புது வழியைக் கொண்டுவந்தவர்கள் தலையில் விழுவதில்லை. பத்து வருடப் பழைய நிரலைக் காப்பாற்றிக்கொண்டிருப்பவர்கள் தலையில்தான் விழுகிறது.

பெப் 8 என்ற ஆவணத்தைப் பைத்தான்காரர்கள் எல்லோரும் கேள்விப்பட்டிருப்பார்கள். 2001 ஜூலையில் வந்தது. நான்கு இடைவெளி உள்தள்ளல், வரிக்கு 79 எழுத்து, ஃபங்ஷன் பெயருக்குச் சிறிய எழுத்தும் அடிக்கோடும் என்பதெல்லாம் அதில் இருப்பவைதான். பைத்தானுடன் சேர்ந்தே வரும் ஸ்டாண்டர்ட் லைப்ரரிக்காக எழுதப்பட்ட வழிகாட்டி அது. உலகத்தில் உள்ள எல்லாப் பைத்தான் நிரலுக்கும் சட்டமாக யாரும் அதை எழுதவில்லை. அதன் தொடக்கத்திலேயே, இந்த விதிகளை எப்போது பின்பற்ற வேண்டாம் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. ஒரு நிரல் இந்த விதி வருவதற்கு முன்பே எழுதப்பட்டது, அதைத் தொடுவதற்கு வேறு எந்தக் காரணமும் இல்லை என்றால், விட்டுவிடுங்கள் என்று அந்தப் பட்டியல் சொல்கிறது. இந்த ஆவணத்தோடு ஒத்துப்போவது முக்கியம், ஒரு திட்டத்துக்குள் ஒத்துப்போவது அதைவிட முக்கியம், ஒரே கோப்புக்குள், ஒரே ஃபங்ஷனுக்குள் ஒத்துப்போவது எல்லாவற்றையும்விட முக்கியம் என்றும் சொல்கிறது. எவ்வளவு நிதானமான வார்த்தைகள்! புல் ரிக்வெஸ்டில், அதாவது ஒரு திட்டத்தில் சேர்க்கச் சொல்லி அனுப்பும் மாற்றத்தில், பெப் 8 பெயரைச் சொல்லி என்னிடம் திருத்தம் கேட்டவர்களில் ஒருவர்கூட இந்தப் பகுதியை எடுத்துக் காட்டியதில்லை.

அந்த ஸ்டாண்டர்ட் லைப்ரரியையே எடுத்துப் பாருங்கள். நிரல் ஓடும்போது நடப்பதைப் பதிவு செய்யும் லாகிங் தொகுதியில் ஃபங்ஷன் பெயர்கள் நடுவில் பெரிய எழுத்து வைத்து ஜாவா மொழி மாதிரி இருக்கின்றன. சோதனை எழுத உதவும் யூனிட்டெஸ்ட் தொகுதியும் அப்படித்தான், அது ஜாவாவின் ஜேயூனிட்டைப் பார்த்து எழுதப்பட்டது. பெப் 8 வந்து கால் நூற்றாண்டு ஆகப்போகிறது, அவற்றின் முக்கியமான பெயர்கள் இன்னும் மாறவில்லை. மாற்றினால் உலகம் முழுக்க நிரல்கள் உடையும் என்று அவர்களுக்குத் தெரியும். விதிக்குப் பொருந்த வேண்டும் என்பதற்காக மட்டும் பழைய நிரலை உடைக்காதீர்கள் என்று பெப் 8இலேயே எழுதியும் வைத்திருக்கிறார்கள். மொழியை உருவாக்கியவர்கள் தங்கள் பழைய நிரலுக்குக் கொடுத்த அந்த மரியாதை, அடுத்தவர்களின் பழைய நிரலுக்கும் கிடைக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

வழிகாட்டி எப்படிச் சட்டம் ஆனது? கருவிகள் வழியாகத்தான். பெப்8 என்ற பெயரிலேயே ஒரு சரிபார்க்கும் கருவி இருந்தது. ஓட்டினால் எந்த வரியில் எந்த விதி மீறப்பட்டிருக்கிறது என்று பட்டியல் போடும். அதற்கு அந்தப் பெயர் வேண்டாம், கருவி சொல்வதையே ஆவணம் சொல்வதாக மக்கள் எடுத்துக்கொள்கிறார்கள் என்று மொழியை உருவாக்கிய கீடோ வான் ராஸமே கேட்டுக்கொண்டார். 2016இல் அதைப் பைகோட்ஸ்டைல் என்று பெயர் மாற்றினார்கள். பெயர் மாறியது, பழக்கம் மாறவில்லை. கருவி சிவப்பு காட்டினால் மாற்றத்தை மெர்ஜ் செய்ய, அதாவது சேர்த்துக்கொள்ள, முடியாது என்று ஒவ்வொரு திட்டமும் வைத்துக்கொண்டது. “பெரும்பாலும் இப்படி எழுதுங்கள், தேவைப்பட்டால் விலகுங்கள்” என்பதில் முதல் பாதியைத்தான் ஒரு கருவியால் சோதிக்க முடியும். இரண்டாவது பாதிக்கு மனிதர் வேண்டும்.

இதில் எனக்கு மறக்க முடியாத உதாரணம், நீளமான கணக்கை இரண்டு வரியாக உடைக்கும் விஷயம். கூட்டல் குறியை முதல் வரியின் கடைசியில் வைப்பதா, அடுத்த வரியின் தொடக்கத்தில் வைப்பதா? பல வருடங்கள் பெப் 8 சொன்னது, குறிக்குப் பிறகு உடையுங்கள் என்று. 2016 ஏப்ரலில் அதைத் திருப்பிவிட்டார்கள். கணினி அறிஞர் டொனால்ட் கனூத்தின் அச்சுக்கோப்பு மரபைக் காட்டி, குறிக்கு முன்னால் உடைப்பதுதான் படிக்க எளிது என்றார்கள். உண்மையில் அது நல்ல மாற்றம்தான். சம்பளத்தோடு எதைக் கூட்டுகிறோம், எதைக் கழிக்கிறோம் என்பது வரியின் இடது ஓரத்திலேயே ஒன்றன்கீழ் ஒன்றாகத் தெரிகிறது, கண் வலது ஓரத்துக்கு ஓட வேண்டியதில்லை. புது நிரலுக்குத்தான் இந்தப் பரிந்துரை, அந்தந்தக் கோப்புக்குள் ஒரே மாதிரி இருந்தால் இரண்டுமே சரி என்றும் எழுதினார்கள். மாற்றம் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும், காரணம் சொல்லி, பழையதை விட்டுவைத்து.

ஆனால் கருவி என்ன செய்தது? முன்னால் உடைத்தால் 503 என்று ஒரு எச்சரிக்கை, பின்னால் உடைத்தால் 504 என்று ஒரு எச்சரிக்கை. இரண்டும் இயல்பாக அணைக்கப்பட்டிருக்கும். நீங்கள் உங்கள் திட்டத்துக்கு வேண்டாத வேறு ஏதோ ஒரு விதியை ஒதுக்கி வைக்க ஒரு பட்டியல் எழுதினால், அந்த இயல்பான பட்டியல் மறைந்து உங்களுடையது மட்டும்தான் நிற்கும். உடனே 503, 504 இரண்டும் உயிர்பெறும். அப்புறம் அந்தக் கணக்கை முன்னால் உடைத்தாலும் தப்பு, பின்னால் உடைத்தாலும் தப்பு. இதில் மாட்டிக்கொண்டு, நன்றாகப் படிக்கும்படி இருந்த ஒரு கணக்கைத் தேவையே இல்லாத இடைநிலை மாறிகளாகப் பிரித்து எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பிறகு பிளாக் வந்தது. 2018இல் வூகாஷ் லாங்கா வெளியிட்ட ஃபார்மேட்டர். அதனிடம் நிரலைக் கொடுத்தால் அதுவே தன் முறையில் மாற்றி எழுதிக் கொடுத்துவிடும், விருப்பத்தேர்வுகள் மிகக் குறைவு. அதன் நன்மையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஒருவர் எழுதியதை மற்றவர் படித்துப் பார்க்கும் ரிவ்யூவில் காற்புள்ளிக்கும் அடைப்புக்குறிக்கும் நடந்துகொண்டிருந்த சண்டைகள் பிளாக் வந்த திட்டங்களில் அடங்கிவிட்டன. அது நடந்தபோது எனக்கு உண்மையிலேயே நிம்மதியாக இருந்தது. கொஞ்சம் பிடிக்காத நடைதான், சரி, இனி யாரும் இதைப் பற்றிப் பேச வேண்டியதில்லை என்று ஏற்றுக்கொண்டேன். நடை ஒன்றாக நிலைத்து நிற்கும் என்பதுதான் அந்த ஒப்பந்தத்தின் மறுபக்கம்.

நிலைத்து நிற்கவில்லை. பிளாக்கின் கொள்கைப்படி, ஒரு வருடத்துக்குள் நடை மாறாது. ஒவ்வொரு ஜனவரியிலும் வரும் பதிப்பில் மாறலாம். 2022 ஜனவரியில் வந்ததில், எளிய அடுக்குக் கணக்குகளில் குறியின் இரு பக்கமும் இருந்த இடைவெளி போனது. 2023 ஜனவரியில், உள்தள்ளி எழுதிய ஒரு நிரல் பகுதியின் தொடக்கத்தில் நாம் விட்டிருக்கும் காலி வரிகளை எடுத்துவிடுவது என்று முடிவானது. அதாவது, நீளமான ஒரு நிபந்தனை எழுதி, அது முடிந்ததும் மூச்சு விட ஒரு வரி காலியாக விட்டு, பிறகு உள்ளே இருப்பதைத் தொடங்குவோம் அல்லவா, அந்தக் காலி வரி. ஆயிரக்கணக்கான கோப்புகளில் அந்த வரி போனது. 2024 ஜனவரியில், ஃபங்ஷனின் தலைப்பு வரியை அடுத்து வரும் இடம் தவிர மற்ற இடங்களில், அந்தக் காலி வரி இருக்கலாம் என்று மறுபடி அனுமதித்தார்கள். அனுமதித்தார்கள், அவ்வளவுதான். முந்தைய ஜனவரியில் போன வரிகளை யாரும் திரும்ப வைக்கப்போவதில்லை. எங்கே இருந்தன என்று யாருக்குத் தெரியும்? ஒவ்வொரு காலி வரியும், இங்கே ஒரு நினைவு முடிந்து இன்னொன்று தொடங்குகிறது என்று எழுதியவர் வைத்துவிட்டுப் போன அடையாளம்.

கருவியின் பதிப்பைக் கட்டிப்போடாத திட்டங்களில் ஜனவரி கடைசியில் ஒரு காலை இப்படி விடியும்: யாரும் எதையும் மாற்றவில்லை, ஆனால் எல்லாப் புல் ரிக்வெஸ்டும் சிவப்பு. ஒருவர் உட்கார்ந்து மொத்த நிரலையும் புது நடைக்கு மாற்றுவார். அதுவரை பாதியில் இருந்த மற்றவர்களின் வேலை எல்லாம் மோதிக்கொள்ளும். மோதலைத் தீர்க்கும் கைத்தவறில்தான் உண்மையான பிழைகள் உள்ளே நுழைகின்றன.

மேற்கோள் குறி விஷயத்தையும் சொல்ல வேண்டும். பைத்தானில் ஒற்றை மேற்கோளும் இரட்டை மேற்கோளும் ஒன்றுதான். பெப் 8 எதையும் பரிந்துரைக்கவில்லை, ஒன்றை எடுத்துக்கொண்டு அதிலேயே நில்லுங்கள் என்கிறது. பைத்தானிடம் ஒரு சொல்லைக் கொடுத்துத் திரும்பக் காட்டச் சொன்னால் ஒற்றை மேற்கோளில்தான் காட்டும். நான் கற்றுக்கொண்ட குழுவில் ஒரு பழக்கம் இருந்தது. நிரலுக்குள் மட்டும் புழங்கும் சொற்களுக்கு, அதாவது டிக்‌ஷனரி சாவிகள், டேட்டாபேஸ் நெடுவரிசைப் பெயர்கள் போன்றவற்றுக்கு ஒற்றை மேற்கோள். மனிதர்கள் திரையில் படிக்கப்போகும் வாக்கியங்களுக்கு இரட்டை மேற்கோள். மொழிபெயர்க்க வேண்டியது எது என்று தேடும்போது இரட்டை மேற்கோளை மட்டும் தேடினால் போதும். இதை யாரும் எங்கேயும் எழுதி வைக்கவில்லை, ஆனால் நிரலைப் படிக்கும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பிளாக் எல்லாவற்றையும் இரட்டையாக்கியது. அதை நிறுத்திவைக்க ஒரு விருப்பம் இருக்கிறது என்றாலும், இயல்பு நிலையை விட்டு விலகுவானேன் என்று குழு முடிவு செய்தது. ஒரு மதியத்தில் அந்த வேறுபாடு முழுதும் அழிந்தது. எண்களின் அட்டவணைகளும் அப்படித்தான். புள்ளிக்கு நேர்க்கீழே புள்ளி வருவது போல இடைவெளி விட்டு அடுக்கிய எண்கள் நெருக்கி ஒட்டப்பட்டுவிட்டன. ஒரு எண்ணில் பூஜ்யம் ஒன்று கூடுதலாக இருந்தால் முன்பு கண்ணிலேயே உறுத்தும், இப்போது உறுத்துவதில்லை.

இதில் பெரிய இழப்பு என்று நான் நினைப்பது வரலாற்றை. ஒரு வரி ஏன் இப்படி இருக்கிறது என்று தெரிய வேண்டுமென்றால், நிரலின் மாற்றங்களைப் பதிவு செய்து வைக்கும் கிட் கருவியில் பிளேம் ஓட்டுவோம். யார், எப்போது, என்ன காரணம் எழுதி அந்த வரியைக் கடைசியாக மாற்றினார்கள் என்று அது காட்டும். ஒரு நேரக் கணக்கில் 330 நிமிடம் கூட்டப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். நம் நாட்டு நேரத்துக்கான ஐந்தரை மணி நேரம் அது என்பது புரிகிறது. ஆனால் இந்த இடத்தில் மட்டும் ஏன், நேர மண்டல லைப்ரரியை விட்டுவிட்டுக் கையால் கூட்டியிருக்கிறார்கள்? பிளேம் ஓட்டினால் “மேற்கோள் குறிகள் சீராக்கப்பட்டன” என்று வருகிறது. அதற்கு முன்னால் போனால் “எஃப்-ஸ்ட்ரிங்குக்கு மாற்றம்”. அதற்கும் முன்னால் “பிளாக் நடை”. இவற்றை எல்லாம் தோண்டிக் கடந்த பிறகுதான், எதிர்முனையில் இருக்கும் ஒரு பழைய கருவி நேர மண்டலத்தைச் சொல்லாமலே நேரத்தை அனுப்புகிறது என்று எப்போதோ ஒருவர் பொறுமையாக எழுதிவைத்த குறிப்பு கிடைக்கிறது. அது கிடைக்காமல், இது எதற்கு என்று அந்த வரியை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

இதற்குத் தீர்வு இருக்கிறது, மறுக்கவில்லை. 2019 ஆகஸ்டில் வந்த கிட் 2.23இல், குறிப்பிட்ட மாற்றங்களைப் பிளேம் கணக்கில் சேர்க்காமல் தாண்டிப்போகும் வசதி வந்தது. வலைத்தளங்கள் கட்ட உதவும் ஜாங்கோ திட்டம் 2022 பிப்ரவரியில் தன் மொத்த நிரலையும் பிளாக் நடைக்கு மாற்றியபோது இந்த வசதியைப் பயன்படுத்தி, அந்த ஒரு மாற்றத்தை ஒதுக்கும் கோப்பையும் சேர்த்தே வைத்தது. அதற்கு முன் வருடக்கணக்கில் பேசி, பிளாக் நிலையான பதிப்பு என்று அறிவிக்கும்வரை காத்திருந்தும் செய்தார்கள். ஒரே தடவை, எல்லாமும், முன்கூட்டியே சொல்லி. எனக்கு அந்த நடை பிடிக்கிறதா என்பது வேறு, செய்த விதத்துக்குத் தலைவணங்குகிறேன். என்னைச் சோர்வாக்குவது ஒவ்வொரு புல் ரிக்வெஸ்டிலும் கொஞ்சம் கொஞ்சமாக, வேறு வேலையோடு கலந்து வரும் ‘நவீனமாக்கல்’. அதை எந்தக் கோப்பிலும் எழுதி ஒதுக்க முடியாது.

அப்படி ஒரு நவீனமாக்கலால் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு திறமூலத் திட்டத்தில் நான் தமிழ் மொழிபெயர்ப்பை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த காலம். திரையில் வரும் வாக்கியங்கள் கெட்டெக்ஸ்ட் முறையில் மொழிபெயர்க்கப்படும். நிரலில் ஆங்கில வாக்கியம் இருக்கும், பெயர் வர வேண்டிய இடத்தில் % குறியோடு ஒரு காலியிடம் இருக்கும். ஓடும்போது முதலில் அந்தக் காலியிடத்தோடு கூடிய வாக்கியத்தை அப்படியே எடுத்துத் தமிழ்க் கோப்பில் தேடும். அதற்கு நேரான தமிழ் வாக்கியம் கிடைக்கும், அதிலும் அதே காலியிடம் இருக்கும். பிறகுதான் பெயரைப் பொருத்தும். இந்த வரிசைதான் உயிர். தமிழில் பெயர் வாக்கியத்தின் வேறு இடத்தில் வரும், வேற்றுமை உருபு சேர இடம் விட வேண்டும், அதை எல்லாம் யோசித்து ஒவ்வொரு வாக்கியமாக எழுதியிருந்தோம்.

ஒரு பங்களிப்பாளர், பழைய % முறை இன்னும் இருக்கிறதே என்று எல்லாவற்றையும் எஃப்-ஸ்ட்ரிங்குக்கு மாற்றி அனுப்பினார். நிரல் பார்க்கச் சுத்தமாக இருந்தது. ரிவ்யூ செய்தவர்களும் பாராட்டி ஏற்றுக்கொண்டார்கள். சோதனைகள் ஆங்கிலத்தில் ஓடுவதால் எல்லாம் பச்சை. ஆனால் எஃப்-ஸ்ட்ரிங், தேடுவதற்கு முன்பே பெயரைப் பொருத்திவிடும். தமிழ்க் கோப்பில் ‘குமார், உங்கள் கோப்பு சேமிக்கப்பட்டது’ என்பதற்கு நேரான ஆங்கில வாக்கியம் எப்படி இருக்கும்? குமாரின் பெயர் யாருக்குத் தெரியும்? கிடைக்கவில்லை என்றால் கெட்டெக்ஸ்ட் பிழை எதுவும் சொல்லாது, கொடுத்த ஆங்கிலத்தையே திருப்பிக் கொடுத்துவிடும். அடுத்த பதிப்பில், பெயரோ எண்ணோ வரும் வாக்கியங்கள் எல்லாம் ஆங்கிலத்துக்குப் போய்விட்டன. மற்றவை தமிழில். பயன்படுத்துபவர்கள், மொழிபெயர்ப்பைப் பாதியில் விட்டுவிட்டீர்களா என்று கேட்டார்கள். தமிழ் மட்டும் இல்லை, எல்லா மொழிகளுக்கும் இதே கதி. நடை மாற்றம் என்றால் நிரலின் வேலை மாறாது என்ற நம்பிக்கையில்தான் யாரும் அதைக் கவனமாகப் படிப்பதில்லை. பழைய முறை அந்த இடத்தில் ஏன் இருந்தது என்று ஒருவர் கேட்டிருந்தால் போதும்.

லாகிங்கிலும் இதே கதைதான். அதில் செய்தியை % காலியிடத்தோடு கொடுத்து, மதிப்புகளைத் தனியாகக் கொடுப்பதுதான் இன்றும் சரியான வழி. அந்தச் செய்தி பதிவாகப்போவதில்லை என்றால் பொருத்தும் வேலையே நடக்காது. நிரலைச் சரிபார்க்கும் லின்ட்டர் கருவிகளில் ஒரு விதி % வேண்டாம், எஃப்-ஸ்ட்ரிங் எழுதுங்கள் என்கிறது. இன்னொரு விதி லாகிங்குக்குள் எஃப்-ஸ்ட்ரிங் எழுதாதீர்கள் என்கிறது. இரண்டுக்கும் இடையில் நிற்கும் புதியவருக்கு யார் விளக்குவது?

புதியவர்களை நினைத்தால்தான் எனக்கு அதிகம் வலிக்கிறது. இப்போது நம் ஊரில் பிளஸ் டூ கணினி அறிவியலிலேயே பைத்தான் இருக்கிறது. கல்லூரிக்கு வரும்போதே கொஞ்சம் தெரிந்துதான் வருகிறார்கள். ஒரு கல்லூரி மாணவர், நான் பங்களிக்கும் ஒரு திட்டத்துக்கு முதல் புல் ரிக்வெஸ்ட் அனுப்பினார். சிஎஸ்வி என்ற அட்டவணைக் கோப்பில் நாளும் மாதமும் இடம் மாறிப் படிக்கப்படும் பிழை. நாள் 12ஐத் தாண்டாத தேதிகளில் மட்டும் தெரியாமல் தப்பிவிடும் என்பதால் ரொம்ப நாளாக யார் கண்ணிலும் படவில்லை. அவர் அதைக் கண்டுபிடித்து, சோதனையும் எழுதி அனுப்பியிருந்தார். வந்த கருத்துகளைப் படித்தேன். டைப்பிங் தொகுதியிலிருந்து பெரிய எழுத்து லிஸ்ட்டை எடுக்காதீர்கள், இப்போது சிறிய எழுத்து லிஸ்ட்தான். ஆப்ஷனல் என்று எழுதாதீர்கள், நடுவில் | கோடு போட்டு நன் (None) என்று எழுதுங்கள். ஓஎஸ் பாத் பழையது, பாத்லிப் பயன்படுத்துங்கள். பிழையைப் பற்றியோ, அதை அவர் பிடித்த விதத்தைப் பற்றியோ ஒரு வார்த்தை இல்லை.

அந்த மாணவர் எழுதியது எதுவும் தவறு அல்ல. 2015இல் 3.5 பதிப்போடு, எந்த வகை மதிப்பு வரும் என்று சொல்லும் டைப் குறிப்புகள் வந்தபோது, பெரிய எழுத்து லிஸ்ட்தான் சரியான வழி. 2020 அக்டோபரில் 3.9 வந்த பிறகுதான் சிறிய எழுத்து லிஸ்ட்டையே எழுதலாம் என்று ஆனது. | கோடு 2021 அக்டோபரில் 3.10இல் வந்தது. இணையத்தில் இருக்கும் பாடங்களில் பாதி அதற்கு முன்னால் எழுதப்பட்டவை. அவர் அவற்றை ஒழுங்காகப் படித்து, அவற்றில் சொன்னபடி எழுதியிருந்தார். கற்றுக்கொண்டதைச் சரியாகச் செய்தவரிடம் ‘இது பழையது’ என்று மட்டும் சொன்னால், இந்த இடத்தில் எனக்குத் தெரியாத விதிகள் நிறைய இருக்கின்றன போலிருக்கிறது என்றுதான் அவருக்குத் தோன்றும். கேட்ட திருத்தங்களைச் செய்துகொடுத்தார், மெர்ஜ் ஆனது. அப்புறம் அவர் வரவே இல்லை. நல்ல கண் உள்ள பிள்ளை.

தமிழ் வாசகர்களுக்கு ஒன்றைச் சொன்னால் இது உடனே புரியும். 1978இல் தமிழக அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று ஆணையிட்டது. ணை, லை, னை, ளை எல்லாம் இன்று நாம் எழுதும் வடிவத்துக்கு வந்தன. அச்சுக்கோப்பவருக்கும் தட்டச்சுக்கும் எளிது என்ற காரணம் எல்லோருக்கும் தெரிந்தது. அதற்காகத் துதிக்கை போட்ட பழைய லை இருக்கும் புத்தகத்தைத் தப்பான தமிழ் என்று யாரும் சொல்லவில்லை. பழைய புத்தகத்தைப் பழைய எழுத்திலேயே படித்தோம், புதிதாக எழுதும்போது புதிதாக எழுதினோம்.

மற்ற மொழிகளில் இப்படி இல்லையா என்றால், இருக்கிறது. ஜாவாஸ்கிரிப்ட்டில் இதைவிட வேகம். ஆனால் கோ மொழியைப் பார்த்து நான் பொறாமைப்படுகிறேன். 2009இல் அது வெளியானபோதே கோஃபம்ட் என்ற ஃபார்மேட்டரும் உடன் வந்தது. நடையை மாற்ற எந்த விருப்பமும் கிடையாது. அதன் நடை யாருக்கும் பிடித்த நடை இல்லை, ஆனால் அந்தக் கருவி எல்லோருக்கும் பிடிக்கும் என்று அந்த மொழியை உருவாக்கியவர்களில் ஒருவரான ராப் பைக் சொல்லியிருக்கிறார். அங்கேயும் 2022இல் வந்த 1.19 பதிப்பில் ஆவணக் குறிப்புகளின் வடிவத்தைத் தொட்டார்கள். ஆனாலும் பத்து வருடப் பழைய கோ நிரலைத் திறந்தால் இன்று எழுதியது போலவே கண்ணுக்குப் படுகிறது. பைத்தானுக்கு அந்த வாய்ப்பு கிடைக்கவில்லை. 1991இல் வந்த மொழி, அதன் முதல் பொது ஃபார்மேட்டர் பரவுவதற்குள் பலவிதமான நடைகள் வேரூன்றிவிட்டன. அதனால்தான் இங்கே இன்னும் அதிக நிதானம் தேவை என்கிறேன். இன்று ரஃப் போன்ற கருவிகள் ஒரு பெரிய திட்டத்தை நொடிகளில் மாற்றி எழுதிவிடுகின்றன. மாற்றுவது இவ்வளவு எளிதாகிவிட்டதாலேயே மாற்றலாமா என்ற கேள்வியை யாரும் கேட்பதில்லை. மாற்றியதைப் படிக்கும் மனிதக் கண்ணின் வேகம் பழைய வேகம்தான்.

வைத்த பெயர் பொருள் தருகிறதா என்பதைப் பற்றி இந்தக் கருவிகள் பெரும்பாலும் ஒன்றும் சொல்வதில்லை என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ளுங்கள். டேட்டா1, டேட்டா2, டெம்ப் என்று பெயர் வைத்த 300 வரி ஃபங்ஷன் எல்லா ஃபார்மேட்டர்களையும் சோதனைகளையும் தாண்டிப் பச்சை வாங்கிவிடும். படிக்கச் சிரமமான நிரல் எது என்று அனுபவம் உள்ள யாரைக் கேட்டாலும் அதைத்தான் காட்டுவார்கள். ரிவ்யூவில் ஒருவருக்கு இருக்கும் கவனம் ஓரளவுதான். அது மேற்கோள் குறியிலும் டைப் குறிப்பின் புது வடிவத்திலும் தீர்ந்துபோனால், இந்த ஃபங்ஷனை உடைத்து எழுதுங்களேன் என்று சொல்ல மீதி இருக்காது.

நான் பராமரிக்கும் திட்டங்களில் இப்போது சில முடிவுகளை எழுதியே வைத்திருக்கிறேன். ஃபார்மேட்டரின் பதிப்பு கட்டப்பட்டிருக்கும். அதை உயர்த்துவது தனி மாற்றமாக மட்டும்தான் வரும், வந்த உடனே ஒதுக்கும் கோப்பில் ஏறும். ஒரு கோப்பில் பிழை திருத்தவோ வசதி சேர்க்கவோ போகிறவர் விரும்பினால், தான் தொடும் ஃபங்ஷனைப் புது நடைக்கு மாற்றலாம், கட்டாயம் இல்லை. நடை பற்றிய கருத்துக்காக யாருடைய புல் ரிக்வெஸ்டும் நிற்காது. கருவி தானாகத் திருத்த முடிந்ததைக் கருவி திருத்தட்டும், முடியாததை நானே மெர்ஜுக்குப் பிறகு திருத்திக்கொள்கிறேன். புதிதாக வருபவரிடம் முதல் கருத்து அவர் செய்த வேலையைப் பற்றியதாக இருக்க வேண்டும் என்றும் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்.

3.14 வந்த கொஞ்ச நாளிலேயே ஒரு கோரிக்கை வந்தது. மொழிபெயர்ப்பு வாக்கியங்கள் இருக்கும் இடங்களை எல்லாம் டி-ஸ்ட்ரிங்குக்கு மாற்றலாமா, அது பெயரைப் பொருத்தாமல் காலியிடத்தோடு வைத்திருக்குமே என்று ஒருவர் கேட்டிருந்தார். கேள்வி நல்ல கேள்வி, யோசித்துக் கேட்டிருக்கிறார். உண்மையிலேயே அந்த வேலைக்கு அது ஒருநாள் பொருத்தமாக வரலாம். ஆனால் எங்கள் நிரலை ஓட்டுபவர்களில் பலர் உபுண்டு 22.04இல் இருக்கிறார்கள், அதோடு வரும் பைத்தான் 3.10. அவர்கள் ஒவ்வொருவருக்கும் அந்த மாற்றத்தால் நிரல் திறக்கவே திறக்காது. இதை விளக்கி எழுதி, % குறிகள் இப்போதைக்கு இருக்கட்டும் என்று சொல்லி அந்தக் கோரிக்கையை மூடினேன். கூடவே, தமிழ்க் கோப்பில் இன்னும் மொழிபெயர்க்காமல் கிடக்கும் வாக்கியங்களின் பட்டியலை அனுப்பிவைத்தேன். அதில் சிலவற்றை அவர் முடித்துக் கொடுத்திருக்கிறார்.